தையல்காரம்மாவின் ஆடுகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

முழுசாக வந்து சேர்ந்தேன். மலை ஏறின பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்ததை விட்டுவிட்டால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முதுகுவலி தேவலையா? அண்ணன் எப்படி இருக்கிறார்?

இங்கே டவர் கிடையாது. என் போன் மணி பார்க்க மட்டும்தான். வாரம் இரண்டு நாள் பால் வண்டி கீழே இறங்கும், தபால் அதில்தான் போகும், வரும். ஆகவே இனி கடிதம்தான். நீங்களும் எழுத வேண்டும். "எனக்கு எழுத வராது" என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். மளிகைக் கடைக்காரரோடு நீங்கள் போடும் சண்டையை அப்படியே காகிதத்தில் இறக்கினால் போதும்.

பால் சங்கக் கட்டடத்தின் மாடியில் என் அறை. விடிந்ததும் கீழே கேன்கள் உருள ஆரம்பித்துவிடும், அலாரமே தேவையில்லை. பக்கத்து ஹால்தான் பயிற்சி மையம். இருபத்திரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை, அலமாரி நிறையச் சுருட்டி வைத்த படங்கள். இரண்டு நாள் நானே கழுவித் துடைத்தேன். கதவில் "கால்நடை வளர்ப்புப் பயிற்சி மையம்" என்று என் கையாலேயே பெயின்ட் அடித்து எழுதினேன். கடைசியில் இடம் போதாமல் "மையம்" மட்டும் மாடிப்படியில் இறங்குவதுபோல வந்திருக்கிறது.

மூன்று ஊர், இருநூறு வீடு, ஆயிரத்துச் சொச்சம் ஆடு. ஆயிரம், அண்ணி! பத்துக் குட்டி பிறந்தால் நான்கு செத்துப்போகிறது. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, மழை பெய்கிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கிறது. அந்த நான்கையும் காப்பாற்ற ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். நாலு விஷயம் தெரிந்தால் போதும், அந்த நாலும் எனக்குத் தெரியும். கைகால் பரபரக்கிறது. புதன்கிழமை முதல் வகுப்பு.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது கண்ணிலேயே நிற்கிறது. கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்டால் படித்துக் காட்டுங்கள். கேட்காவிட்டால் சத்தமாகப் படியுங்கள்.

உங்கள் கையால் வளர்ந்த,
சின்னவள்


மார்ச் 16

அன்புச் சின்னவளுக்கு,

நாங்கள் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, அதை விட்டால் வேறு முதுகு எனக்கு இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அண்ணனைப் பற்றிக் கேட்டாய். என்னத்தைச் சொல்ல! காலையில் டீயில் சர்க்கரை இல்லை என்று ஒரு கத்தல், சாயங்காலம் சர்க்கரை அதிகம் என்று ஒரு கத்தல். இப்போது மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் மேஸ்திரி வேலை. வீட்டுக்கு வரும்போது தலைமுடியெல்லாம் சிமென்ட். குளிக்கச் சொன்னால் "இது கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச சிமென்ட்" என்கிறார். துண்டைக் கட்டில்மேல் போடாதீர்கள் என்று பதினோரு வருஷமாகச் சொல்கிறேன். துண்டும் மாறவில்லை, கட்டிலும் மாறவில்லை.

உன் கடிதத்தை நீ சொன்னபடி சத்தமாகப் படித்தேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். நானும் என் சத்தத்தைக் கூட்டினேன். அப்புறம் ஆரம்பித்தார்: "சாரத்துல ஏறி இறங்கி, தோல் உரிஞ்சு படிக்க வெச்சேன். என் காண்ட்ராக்டர் ஆபீஸ்லயே நாற்காலி போட்டுத் தர்றேன்னாரு. வேணாம்னுட்டு ஆட்டுப் புழுக்கை அள்ளப் போயிருக்கா!" ஆனால் ஒன்று, "ஆயிரம் ஆடு" என்ற இடத்தில் டிவி சத்தம் கொஞ்சம் குறைந்தது. நான் கவனித்தேன்.

வகுப்பு எப்படி இருந்தது? எத்தனை பேர் வந்தார்கள்? எல்லாவற்றையும் எழுது.

உன் அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம். நேற்று ஒரு ஆடு என் கண் முன்னால் இரட்டைக்குட்டி போட்டது! இரண்டும் நெற்றியில் ஒரே இடத்தில் வெள்ளைப்பொட்டு. ஒன்று பிறந்து பத்தே நிமிடத்தில் எழுந்து நின்று, நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போக, தொப்பென்று என் மடியில் விழுந்தது. புத்தகத்தில் படித்தது வேறு, மடியில் விழுவது வேறு.

இங்கே கயிறு திரிக்கும் ஒரு அக்கா இருக்கிறார். நாற்பது ஆடு வைத்திருக்கிறார். எல்லோரும் கயிற்றக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேச்சும் கயிறு மாதிரிதான், இறுக்கிவிடும். அவர் வீட்டு ஆடுதான் அது.

வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது.

அண்ணன் துண்டைக் கட்டிலிலேயே போடட்டும், விட்டுவிடுங்கள். அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சின்னவள்


மே 6

அன்புச் சின்னவளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. பதில் போடத் தாமதம். வீட்டில் வேலை. உன் அண்ணன் நன்றாக இருக்கிறார்.

அடுத்த வீட்டுத் தையல்காரம்மா, அம்மா வீட்டிலிருந்து மூன்று ஆடு கொண்டுவந்து கட்டியிருக்கிறாள். உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள். அதில் கறுப்பு ஆடு ஒன்று, மிஞ்சின சோற்றை ஒரு சட்டி முழுக்கத் தின்றுவிட்டது. வயிறு பந்து மாதிரி ஊதி, காலை மாற்றி மாற்றி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அன்று முழுக்க நடக்க வைத்து எப்படியோ சரியாகிவிட்டது. மறுபடி வந்தால் என்ன செய்வது? எந்தப் பக்கம் ஊதினால் ஆபத்து? கொஞ்சம் விவரமாக எழுது. அவளுக்கு ரொம்பப் பயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். ஆறு வாரம் கடிதம் இல்லாமல் தவித்துப் போனேன். அண்ணனும் நீங்களும் நலம் என்று படித்த பிறகுதான் சோறு இறங்கியது.

முதலில் தையல்காரம்மாவுக்கு: இனி சோறு, மாவு எதுவும் தின்னக் கிடைக்கும் இடத்தில் ஆட்டைக் கட்டக் கூடாது. ஆட்டுக்கு அது விருந்து இல்லை, விஷம். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேளம் மாதிரி "டம் டம்" என்றால் காற்று அடைத்திருக்கிறது. முன்னங்கால் இரண்டும் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, அந்த இடத்தைக் கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்க்க வேண்டும். சமையல் சோடா இரண்டு ஸ்பூனை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும், ஜாக்கிரதை. ஒரு மணி நேரத்தில் குறையாவிட்டால் யோசிக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அண்ணி, இப்போது ஒரு உண்மை. என் வகுப்புக்கு யாரும் வரவில்லை. முதல் புதன் வாட்ச்மேன் வந்தார். நான் "ஆட்டின் உடல் பாகங்கள்" படத்தை மாட்டி ஆரம்பித்த பிறகு, தயங்கித் தயங்கி, "டீச்சர், ஒரு நாற்காலி எடுத்துட்டுப் போகலாமா?" என்றார். இரண்டாம் வாரம் கயிற்றக்கா எட்டிப் பார்த்து, "ஆட்டுக்குக் காது எங்க இருக்குன்னு இவ எனக்குக் காட்டுறா!" என்று சிரித்துவிட்டுப் போனார். போன வருஷம் யாரோ வந்து சூடேறிப்போன ஊசி மருந்தைப் போட்டு, அப்படியும் ஆடுகள் செத்தனவாம். அதிலிருந்து ஆபீஸ் ஆள் என்றாலே கதவைச் சாத்துகிறார்கள். ஆகஸ்டுக்குள் இருபது பேர் தொடர்ந்து வராவிட்டால் மையத்தை மூடி, என்னைக் கீழே ஃபைல் தூக்கும் வேலைக்குப் போட்டுவிடுவார்கள். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனால் கேளுங்கள்! உங்கள் கடிதம் வந்த அன்று பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்காமல் அங்கேயே பிரித்து, என்னை அறியாமல் வாய்விட்டுப் படித்துவிட்டேன். "பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது" என்றதும் கயிற்றக்கா திரும்பினார். "எந்த ஊர் ஆடு? அப்புறம் என்னாச்சு?" என்றார். பின்னாலிருந்து ஒருத்தி, "எண்ணெய் ஊத்தணும்" என்றாள். "போடி, எண்ணெய் ஊத்தித்தான் உன் கிடா போச்சு" என்றாள் இன்னொருத்தி. சண்டை! அரை மணி நேரம்! நான் நடுவில் புகுந்து சோடா என்றேன். ஏன் சோடா என்று கேட்டார்கள். சொன்னேன். அண்ணி, அதுதான் என் முதல் வகுப்பு. கேன் வரிசையில் நின்றபடியே பதினான்கு பேர்.

தையல்காரம்மாவிடம் இன்னும் கேள்வி இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். நிறைய. உடனே.

சின்னவள்


மே 27

அன்புச் சின்னவளுக்கு,

நலம். உன் கடிதம் பார்த்து எனக்கே கை தட்டத் தோன்றியது. வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் என் வணக்கத்தைச் சொல். உன் அண்ணன் நன்றாக இருக்கிறார்.

தட்டிப் பார்த்தோம், மேளம் இல்லை. தையல்காரம்மாவுக்கு நிம்மதி. அடுத்த கேள்வி. கறுப்பி தேவலை. வெள்ளைக்காதுதான் சரியில்லை. எப்போதும் தண்ணீர் குடிக்கும் முன்னால் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் வாயை வைக்கும். இப்போது நாலு நாளாகத் தும்மல் இல்லை. பழுப்புக் கிடாயின் பக்கத்தில் படுக்கும், இப்போது தனியாகச் சுவரோரம் படுக்கிறது. தீனி எடுக்கிறது, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. தாடைக்குக் கீழே பை மாதிரி லேசாக வீங்கியிருக்கிறது. சாயங்காலத்தில் கூடுதலாகத் தெரிகிறது. கறுப்பி சினையாக இருக்குமோ என்றும் சந்தேகம். மடியைத் தொட்டால் உதைக்கிறது, முன்பெல்லாம் உதைக்காது.

பதில் சீக்கிரம் போடு.

அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான், ஆனால் மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் ஆடு. வெள்ளைக்காதின் கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கிப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் வயிற்றில் புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. தாடை வீக்கத்தைப் பார்த்தால் அதுதான் என்று நினைக்கிறேன். அருகிலிருக்கும் கால்நடை மருந்தகத்தில் எடைக்குத் தகுந்த குடற்புழு மருந்து வாங்கி உடனே கொடுக்க வேண்டும். பனி காய்வதற்கு முன்னால் மேய விடக் கூடாது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தை ஹாலில் படித்தேன். முப்பத்தொரு பேர்! பெஞ்சு போதாமல் ஜன்னலில் உட்கார்ந்தார்கள். "அண்ணி லெட்டர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பால் வண்டி வருகிற சத்தம் கேட்டாலே கூடிவிடுகிறார்கள். தும்மல் விஷயத்தைப் படித்ததும் கயிற்றக்கா கையைத் தூக்கினார்.

"டீச்சர், நிறுத்து. இது தையல்காரம்மா ஆடு இல்ல."

"ஏன்க்கா?"

"அடுத்த வீட்டு ஆடு தும்மினா யாருக்குடி கணக்குத் தெரியும்? எது பக்கத்துல எது படுக்குதுன்னு எவ பார்ப்பா? மடியைத் தொட்டுப் பார்த்தது யாரு? இது எழுதுறவ ஆடு."

ஹால் முழுக்கத் தலையாட்டியது. அவர் விடவில்லை. "உங்க அண்ணனைப் பத்தி முதல் லெட்டர்ல என்ன எழுதியிருந்தாங்கன்னு சொன்னே? துண்டு, சிமென்ட், டீ. சிரிச்சோமே? இப்ப ரெண்டு லெட்டரா 'நல்லா இருக்கார், நல்லா இருக்கார்'. புருஷனைத் திட்டாம ஒருத்தி லெட்டர் எழுதறான்னா, அந்த ஆளுக்கு என்னமோ ஆயிருக்கு."

அண்ணி, நான் முப்பத்தொரு பேர் முன்னால் அழுதேன்.

ஆடு யாருடையது? அண்ணனுக்கு என்ன?

இன்னொன்று. கீழ்ப் பகுதியில் ஆட்டுக்கொல்லி நோய் பரவுவதாகத் தகவல் வந்திருக்கிறது. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், பிறகு கும்பலாகச் சாவு. வந்த பிறகு மருந்தில்லை, வருவதற்கு முன் தடுப்பூசி மட்டும்தான். உங்கள் வட்டார மருந்தகத்தில் கேளுங்கள். வெளியாட்டை மந்தையில் சேர்க்காதீர்கள்.

உடனே எழுதுங்கள்.

சின்னவள்


ஜூன் 24

அண்ணி,

நான் நலம். இரண்டரை வாரமாக ஐந்து முறை பால் வண்டி வந்து போய்விட்டது. ஒவ்வொரு முறையும் பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறார்கள். ஒரு வரி போடுங்கள்.

சின்னவள்


ஜூலை 1

அன்புச் சின்னவளுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், இப்போது நலம். அந்தக் கயிற்றக்காவை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும். பார்த்துக் காலில் விழுவேனா, சண்டை போடுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

ஏப்ரல் பத்தாம் தேதி உன் அண்ணன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். இரண்டாவது மாடி உயரம். மணல் குவியல்மேல் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இந்த வருஷம் வேலைக்குப் போக முடியாது. அம்மா வீட்டிலிருந்து மூன்று ஆட்டை ஓட்டிவந்து பின்கட்டில் கட்டினேன். தையல்காரம்மா பாவம், அவளுக்கு ஆட்டைக் கண்டாலே பயம்.

உனக்கு எழுதக் கூடாது என்று அவர்தான் சொன்னார். "தெரிஞ்சா மூட்டையைக் கட்டிக்கிட்டு இறங்கி வந்துடுவா. வேலையை விட்டுட்டு என் கால் பக்கத்துல உக்காந்துக்குவா. எழுதாதே." புழுக்கை அள்ளும் வேலை என்று திட்டின அதே வாய்தான்! நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

போன வாரங்களில் ஏன் எழுதவில்லை என்றால், வெள்ளைக்காதின் இமை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மருந்து கொடுத்தேன். பிழைக்குமா, பிழைக்காதா என்று தெரியாமல் உனக்கு என்ன எழுதுவது? ஏழாம் நாள் இமையைப் பார்த்தேன், லேசான ரோஸ் நிறம். எட்டாம் நாள் வாளியை வைத்தேன். தும்மியது! ஒன்று, இரண்டு! நான் போட்ட கூச்சலில் உன் அண்ணன் என்னவோ ஆகிவிட்டதென்று ஊன்றுகோலோடு எழுந்து வாசல்வரை வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவராக எழுந்து நடந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் ஆட்டைப் பார்த்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

நீ வராதே. வந்தால் அவர் காலைவிட மனசு பெரிதாக உடையும். உனக்குத் தெரியும் என்று நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மருந்தகத்தில் கேட்டேன். ஐம்பது ஆடாவது ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் தடுப்பூசி வண்டி வரும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது மூன்று. எங்கே போவேன் என்று கேட்காதே, நாளைக்கே தெருவில் இறங்குகிறேன். உன் கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு போகப் போகிறேன். கறுப்பி சினைதான். பிரசவம் எப்படிப் பார்ப்பது என்று முழுக்க எழுது.

உன் அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அழுது முடித்துவிட்டேன். பையைக் கட்டினேன், அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். கயிற்றக்கா வந்து பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "அந்த ஆளு உன்னை வர வேணாம்னு சொல்றதுக்குப் பேரு கோபம் இல்ல" என்றார். நான் பையை அவிழ்த்தேன்.

வியாழக்கிழமை எங்கள் தடுப்பூசி நாள். காலையில் பால் வண்டியில் ஊசி மருந்துப் பெட்டி வர வேண்டும். வண்டி வரவில்லை. கீழிருந்து நடந்து வந்த ஒருவர்தான் சேதி சொன்னார்: மழையில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது, நான்கு கிலோமீட்டர் கீழே வண்டி நிற்கிறது, பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது! மருந்து சூடேறினால் போன வருஷக் கதைதான், அப்புறம் இந்த மலையில் என் பேச்சை எந்த ஆடும் கேட்காது. நான் ஓட ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் இருபது பெண்கள் ஓடிவருகிறார்கள்! மூச்சு வாங்கியவள் உட்கார, அடுத்தவள் ஓட, மேலே வரும்போது பெட்டி கை மாறிக் கை மாறி வந்தது. ஒரு சொட்டுச் சேறு படவில்லை. ஹாலுக்கு வந்ததும் கயிற்றக்கா மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார்.

"குளிருது," என்றார். பிறகு கத்தினார்: "பொய் இல்லடி, குளிருது! ஆட்டை அவுத்து விடுங்க!"

பால் குளிரூட்டும் அறையிலிருந்து புது ஐஸ் போட்டோம். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதனால் பாட்டில் பாட்டிலாகக் கலக்கி, ஓட்டமும் நடையுமாக நானூற்றுப் பன்னிரண்டு ஆடு! மையத்தை மூடுவது பற்றி இனி யாரும் பேசப் போவதில்லை.

பிரசவம்: மடி இறுகி, இடுப்புக்குழி விழுந்து, காலால் தரையைச் சுரண்டினால் நேரம் வந்துவிட்டது. சுத்தமான வைக்கோல் பரப்புங்கள். கவலைப்பட வேண்டாம், பெரும்பாலும் அது தானே போட்டுவிடும். குட்டி வந்ததும் மூக்கையும் வாயையும் துடையுங்கள். மூச்சு இல்லையென்றால் வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பின்னங்கால்களைச் சேர்த்து இறுகப் பிடித்து, தலை கீழே இருக்க, மெதுவாக ஊஞ்சல் ஆட்டுவதுபோல ஆட்டுங்கள். சளி இறங்கி மூச்சு வரும். பிறகு விலாவைத் துணியால் தேயுங்கள். தொப்புள்கொடிக்கு அயோடின். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும்.

அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், எனக்குத் தெரியும் என்று. நான் வரவில்லை என்றும் சொல்லுங்கள்.

சின்னவள்


ஆகஸ்ட் 20

அன்புச் சின்னவளுக்கு,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லாத அளவுக்கு நலம். எண்பத்து மூன்று! ஐம்பது கேட்டார்கள், எண்பத்து மூன்று ஆடு நின்றது!

ஐந்து வாரம் வீடு வீடாக ஏறினேன். முதலில் யார் சம்மதித்தார்கள் தெரியுமா? யாரும் இல்லை. பிறகு உன் மலைக்கதையைப் படித்துக் காட்டினேன், பெட்டி கை மாறி வந்த கதையை. "அவ்ளோ தூரம் ஓடினாங்களா?" என்று கேட்டுவிட்டு இஸ்திரிக் கடைக்காரர் முதல் பெயரைக் கொடுத்தார். அப்புறம் மளமளவென்று சேர்ந்தது. தையல்காரம்மாவே பயத்தை மூட்டை கட்டிவிட்டு என்னோடு தெருத் தெருவாக வந்தாள். இரண்டு மாதம் அவளைப் பொய்க்கு இழுத்ததைச் சொன்னேன். "எனக்கு ஆட்டைப் பத்தி இவ்ளோ தெரியுமா!" என்று சிரிக்கிறாள்.

எண்பத்து மூன்று ஆடு ஒரே இடத்தில் என்றால் என்ன கூத்து என்று உனக்குத் தெரியும். முந்தின நாள் உன் அண்ணன் என் திண்டாட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "என் ஆளுங்களைக் கூப்பிடு. சாரக் கம்பு கொண்டாரச் சொல்லு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊன்றுகோலை நீட்டி நீட்டிச் சொல்ல, காலி மனையில் இரண்டு பக்கமும் கம்பு கட்டி, ஒரு ஆடு மட்டும் நுழையும் அகலத்துக்கு நீளமாக ஒரு சந்து! இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் ஊசியோடு டாக்டர். வாசலில் உன் அண்ணன்: "ஒவ்வொண்ணா! ஏய், வரிசையில வா! உன்னைத்தான், கொம்பா!" ஆடுகளும் பயந்து வரிசையில் வந்தன.

டாக்டர் அசந்துபோய், "இது யார் ஐடியா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் அண்ணன் சொன்னது: "எனக்கு என்ன சார் தெரியும்? என் தங்கச்சி இதே வேலைதான் பாக்குறா. மலையில. ஆயிரம் ஆடு அவ பொறுப்பு."

நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள அந்தப் பக்கம் போய்விட்டேன்.

கறுப்பி நிறைசினை, அதற்குக் குட்டி போட்ட பிறகு ஊசி போடலாம் என்றார் டாக்டர். அடுத்த பகுதிகளிலும் ஆட்களைச் சேர்க்க என்னைக் கூடவே வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்! எனக்கும் உன்னைப்போல ஐஸ் பெட்டி ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

உனக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

உன் அண்ணி


செப்டம்பர் 9

சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் நலம். கால் பரவாயில்லை. நீ நலமாக இருக்கிறாயா? மலையில் குளிர் அதிகமா? சுவெட்டர் இருக்கிறதா?

நேற்றுக் காலை உன் அண்ணி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரோடு போய்விட்டாள். பதினோரு மணிக்குக் கறுப்பி காலால் தரையைச் சுரண்டியது. வீட்டில் நானும் அதுவும்தான். போன் போட்டால் உன் அண்ணி எடுக்கவில்லை. தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். வந்தாள், பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உன் ஜூலைக் கடிதத்தைத் தேடி எடுத்து, துணிக் கவ்வியால் கொடியில் மாட்டினேன். கண்ணுக்கு நேராக. ஊன்றுகோலைப் போட்டுவிட்டு வைக்கோலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்க முடியாது என்பது ஞாபகம் வந்தது.

முதல் குட்டி தானாக வந்தது. துடைத்தேன். இரண்டாவதும் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். கறுப்பி மறுபடி முக்கியது. மூன்றாவது! என் உள்ளங்கை அளவு. அசையவில்லை. மூச்சு இல்லை. துரும்பை விட்டேன், ஒன்றுமில்லை. தையல்காரம்மாவைக் கத்திக் கூப்பிட்டு அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, "பின்னங்கால்களைச் சேர்த்து..." என்று படித்தாள். பிடித்தேன். கை வழுக்கியது. சட்டையைக் கழற்றிச் சுற்றிப் பிடித்து ஆட்டினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. "எத்தனை தடவைன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "எழுதலைங்க!" என்றாள். சாகட்டும் என்று விட என் கை கேட்கவில்லை. பன்னிரண்டாவது தடவை அதன் மூக்கிலிருந்து சளி கொட்டியது. ஒரு சின்னச் சத்தம். அப்புறம் பேய்க் கத்தல்! தையல்காரம்மாவும் கத்தினாள், நானும் கத்தினேன். தெருவே வந்துவிட்டது.

உன் கடிதத்தில் இரண்டு தவறு. எத்தனை தடவை ஆட்ட வேண்டும் என்று எழுதவில்லை. "கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய், அதை எடுத்துவிடு. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. ஒரு வார்த்தைகூட வீண் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் நான் திரும்பி நின்றது வேறு காரணத்துக்காக. அது இருக்கட்டும்.

இப்போது அவசரமாக ஒரு கேள்வி. குட்டி மூன்று. காம்பு இரண்டு. பெரிய குட்டி இரண்டும் முட்டித் தள்ளிவிட்டுக் குடிக்கின்றன. சின்னது என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் விரலைச் சப்புகிறது. நேற்று பீய்ச்சிப் பாட்டிலில் கொடுத்தேன், குடித்தது. எவ்வளவு கொடுக்கலாம்? எத்தனை தடவை? எத்தனை நாளைக்கு? எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுது.

உன் அண்ணிக்கு எழுதாதே, அவள் வீட்டிலேயே இருப்பதில்லை. எனக்கு எழுது.

அண்ணன்